கீழ் இமைக்கு லேஷ் எக்ஸ்டென்ஷன்: ஒட்டலாமா, எப்படி ஒட்டுவது?

நீங்கள் கேட்டது இது: ஒன்றரை வருடமாக மேல் இமைக்கு லேஷ் எக்ஸ்டென்ஷன் செய்கிறீர்கள், கை பழகிவிட்டது, இப்போது கீழ் இமைக்கும் வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். அதே க்ளூவும் அதே இழையும் போதுமா, கண்ணைத் திறந்து வைத்துச் செய்வதா மூடி வைத்துச் செய்வதா, சீக்கிரம் உதிர்ந்துவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

ஒட்டலாம். ஆனால் என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். ஒட்டுகிறவர்களுக்கும் மேல் இமையில் ஒட்டும் எண்ணிக்கையில் கால்வாசிதான் ஒட்டுவேன். வேலை முடியும்வரை கண் முழுதாக மூடியிருக்க வேண்டும், இந்த ஒன்றில் நான் யாருக்காகவும் இறங்கி வருவதில்லை. காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். இனிமேல் நாம் ஒட்டும் செயற்கை முடியை 'இழை' என்றும் அவர்களுடைய சொந்த இமை முடியை 'முடி' என்றும் எழுதுகிறேன், குழப்பம் வராது.

முதலில் அந்த முடியைப் பாருங்கள். மேல் இமையில் ஏறக்குறைய 90 முதல் 150 முடிகள், ஐந்தாறு வரிசையில் நெருக்கமாக இருக்கும். கீழே 70, 80 தான், அதுவும் மூன்று நான்கு வரிசையில் கலைந்து கிடக்கும். நீளம் மேலே 8 முதல் 12 மி.மீ., கீழே 6 முதல் 8 மி.மீ. ஐந்தைக்கூடத் தாண்டாத கண்களும் நிறைய வரும். கீழ் முடி மெல்லியது, அடியிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே ஊசிபோல் கூர்ந்துவிடும். அதனால் இழை நன்றாகப் பற்றிக்கொள்ளக் கிடைக்கும் இடமே இரண்டு மூன்று மி.மீ. தான். வளரும் கட்டமும் மேல் முடியைவிடக் குறுகியது. அதாவது எவ்வளவு நன்றாக ஒட்டினாலும், இழையைச் சுமக்கும் முடியே முன்னதாக உதிர்ந்து போகும்.

இதோடு ஈரமும் எண்ணெயும் சேர்கின்றன. இரண்டு இமைகளின் ஓரத்திலும் எண்ணெய் சுரக்கும் மைபோமியன் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன, மேலே 25 முதல் 40, கீழே 20 முதல் 30. கண்ணீர் கீழ் இமை விளிம்பில்தான் தேங்கி நிற்கும். கன்னத்தில் தடவும் க்ரீம், கண்ணுக்குக் கீழே போடும் கன்சீலர், நெற்றியிலிருந்து வழியும் வியர்வை, எல்லாம் கடைசியில் வந்து சேரும் இடமும் அதுவே. மேல் இமைக்கு இந்தத் தொல்லை பாதிகூட இல்லை. ஆகவே 'உதிர்ந்துவிடும்' என்று நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். நன்றாகச் செய்தாலும் இரண்டிலிருந்து மூன்று வாரம், அவ்வளவே. மேல் இமை நான்கு வாரம் தாங்கும் ஒருவருக்குக் கீழ் இமை இரண்டே வாரத்தில் காலியாவது உங்கள் குறையல்ல. இதை முதல் நாளே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

இழையின் பருமனில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். மேலே 0.15 மி.மீ. பருமன் போட்டுப் பழகிய கை, கீழே 0.10 போட்டால் போதுமே என்று நினைக்கும். எடை பருமனைப் போலவே குறையாது, பருமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். ஒரே நீளத்தில் 0.15 இழை, 0.07 இழையைப் போல் நான்கரை மடங்கு கனம். 0.10 இழையே 0.07 போல் இரண்டு மடங்கு. கீழ் முடி தரையைப் பார்த்து நீளும் முடி, அதன் மேல் ஏற்றும் ஒவ்வொரு சுமையும் அதை இன்னும் கீழே இழுக்கும். நான் 0.07 தான் எடுப்பேன். முடி நல்ல தடிமனாக இருந்தால் 0.10, ஆனால் அதை வெளிப் பாதியில் மட்டும். இரண்டு 0.05 இழைகளை விசிறியாகச் சேர்த்து ஒட்டினாலும் எடை ஒரு 0.07 அளவுதான் வரும், கணக்குப்படி பிழையில்லை. ஆனாலும் விசிறியின் அடி அகலமாகி அந்த மெல்லிய முடியில் ஒரு முடிச்சுபோல் தெரியும். கீழே முடிகள் கலைந்து இருப்பதால் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கண்ணுக்குப் படும், மேலேபோல் மறைந்துகொள்ளாது. தனி இழைதான் அழகு.

நீளம் 5, 6 மி.மீ., அரிதாக 7. சொந்த முடியின் நீளத்துக்குச் சமம், அல்லது ஒரு மி.மீ. கூடுதல், அதற்கு மேல் வேண்டாம். வளைவு ஜே அல்லது பி (ஜே, பி, சி, டி என்ற வரிசையில் வளைவு கூடிக்கொண்டே போகும்). முடி இயல்பாகவே நன்றாகச் சுருண்டிருந்தால் சி. டி வளைவைக் கீழ் இமைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். கீழ் முடியின் அடிப்பகுதி ஏறக்குறைய நேராக இருக்கும். வளைவு அதிகமான இழை அதோடு ஒரு புள்ளியில் மட்டும் தொட்டு நிற்கும், பற்று இருக்காது. முனையோ மேல்நோக்கித் திரும்பி மேல் இமையின் இழைகளுக்குள் நுழைந்துகொள்ளும். ஒருவர் நிமிடத்துக்குப் பதினைந்து முறை கண் சிமிட்டினால், விழித்திருக்கும் பதினாறு மணி நேரத்தில் 14,000 முறைக்கு மேல் ஆகிறது. அத்தனை முறை சிக்கிச் சிக்கி விடுபட்டால் எந்த க்ளூவும் தாங்காது, முடியும் தாங்காது.

நீளம் என்றதும் ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. 2015-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் பல பாலூட்டி விலங்குகளின் இமை முடியை அளந்து பார்த்தார்கள். முடியின் நீளம் பெரும்பாலும் கண்ணின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காகவே இருந்தது. காற்றுக் குழாயில் மாதிரிகளை வைத்துச் சோதித்தபோது, அந்த அளவில் இருக்கும் முடி கண்ணின் ஈரம் உலர்வதையும் தூசி படிவதையும் குறைத்தது. அதைவிட நீளமானால் முடியே காற்றைக் கண்ணுக்குள் திருப்பிவிட்டது. மேலே நீளமாக ஒட்டிக்கொண்டு, கீழேயும் நீளமாக வேண்டும் என்று ஒருவர் கேட்டால், கூடவே கண் உலர்கிறது என்றும் சொன்னால், எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

யாருக்கு வேண்டாம் என்று சொல்வது? எனக்குத் தெரிந்தவரை இந்த வேலையின் பாதித் திறமை இந்த முடிவில் இருக்கிறது. தூங்கும்போது கண் முழுதாக மூடாதவர்கள் சிலர் உண்டு, அவர்களுக்குக் கூடவே கூடாது. இமை ஓரத்தில் செதில் செதிலாகப் படிவு, சிவப்பு, காலையில் கண் ஒட்டிக்கொள்வது இருந்தால் அது இமை அழற்சியாக இருக்கலாம், முதலில் கண் மருத்துவர். உலர் கண், அண்மையில் செய்த கண் அறுவைச் சிகிச்சை, தினமும் கண் சொட்டு மருந்து விடுபவர்கள், முன்பு எப்போதாவது க்ளூவுக்கு இமை வீங்கியவர்கள், இவர்களுக்கும் இல்லை. கண்ணில் சும்மாவே நீர் வடிபவர்களுக்கு ஒட்டினால் நேர விரயம்தான்.

இன்னொரு வகை, உடம்புக்குக் கெடுதல் இல்லை, தோற்றத்துக்கு ஒத்துவராது. கண்ணுக்குக் கீழே கருவளையம் இருப்பவர்களுக்குக் கீழ் இழைகள் அந்த இடத்திலேயே நிழலைப் போடும். களைப்பாகத் தெரிகிறோம் என்று வந்தவர் இன்னும் களைப்பாகத் தெரிவார். கீழ் இமை தொய்ந்திருந்தாலோ கண்ணின் வெளிமுனை கீழ்நோக்கி இறங்கியிருந்தாலோ முகம் சோகமாகிவிடும். சிறிய கண்களில் கீழே அடர்த்தி கூடினால் கண் இன்னும் சுருங்கியதுபோல் இருக்கும். மஸ்காரா ஒன்றை எடுத்துக் கீழ் முடியில் மட்டும் தீட்டிக் கண்ணாடியில் காட்டுங்கள். அவர்களே பார்த்துச் சொல்லிவிடுவார்கள், நீங்கள் வாதிட வேண்டியிருக்காது.

சரி, தகுதியான கண் வந்துவிட்டது. கண் மூடியா, திறந்தா?

இரண்டு முறையும் நடைமுறையில் உண்டு. திறந்து செய்பவர்கள், படுத்திருப்பவரை மேலே பார்க்கச் சொல்லி, மேல் இமையை டேப்பால் தூக்கி வைத்து ஒட்டுகிறார்கள். முடி போகும் திசை தெளிவாகத் தெரியும், வேலையும் வேகம் என்பது அவர்கள் கட்சி. எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாவதோ மூன்றாவதோ வாடிக்கையாளர், வேலை முடிந்து எழுந்தபோது வெள்ளை விழியின் கீழ்ப்பகுதி முழுக்க ஒரு பட்டைபோல் சிவந்திருந்தது. வலியும் கூச்சமும் மறுநாள் வரை இருந்தன. க்ளூ ஒரு துளியும் உள்ளே போகவில்லை, ஆவி மட்டும்தான். அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு திறந்த கண்ணில் நான் இழையைக் கொண்டுபோனதே இல்லை.

காரணம் எளிமையானது. நம் க்ளூ எல்லாமே சயனோஅக்ரிலேட். அது காற்றில் உலர்வதாக நாம் பேச்சுக்குச் சொல்கிறோம், உண்மையில் அது ஈரத்தைத் தொட்டு இறுகுகிறது. இறுகுவதற்கு முன் அதிலிருந்து எழும் ஆவிக்கும் ஈரம்தான் இலக்கு. அந்த முகத்தில் திறந்த நிலையில் இருக்கும் மிகப் பெரிய ஈரப் பரப்பு கண்ணீர்ப் படலம். கீழ் இமையில் வேலை செய்யும்போது க்ளூ அந்தப் படலத்துக்கு ஓரிரு மி.மீ. தூரத்தில் இருக்கிறது. படுத்திருப்பவர் ஒரு தும்மல் தும்மினால், கண் தானாகச் சிமிட்டினால், ட்வீசர் முனை எங்கே போகும் என்று நினைத்துப் பாருங்கள்.

மூடிய கண்ணிலும் கவனம் வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இமையை மூடும்போது விழி மேல்நோக்கி உருளும். அதனால் இமைகளுக்கு இடையே நூலளவு திறந்திருந்தாலும் அந்த இடைவெளியில் வெளிப்படுவது வெள்ளை விழியின் கீழ்ப்பாகம். நான் சொன்ன சிவப்புப் பட்டை இப்படியும் வரும். டேப் போட்ட பிறகு உங்கள் நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரியாது. எழுந்து, கன்னத்தின் மட்டத்துக்குக் குனிந்து, சிறு விளக்கை அடித்துப் பாருங்கள். இமைகளுக்கு நடுவே பளபளப்பாக ஒரு கோடு தெரிந்தால் கண் மூடவில்லை. டேப்பை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். வேலைக்கு நடுவிலும் ஒன்றிரண்டு முறை இப்படிப் பாருங்கள், பேசும்போதும் அசந்து தூங்கும்போதும் இமை விலகும்.

டேப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2012-இல் ஜப்பானியக் கண் மருத்துவர்கள், எக்ஸ்டென்ஷனால் கண் பாதிக்கப்பட்டு வந்த பெண்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கண் அழற்சியும் இமை ஒவ்வாமையும்தான் அதிகம், எதிர்பார்த்ததே. அதோடு, இமையைப் பிடித்துவைக்கப் போட்ட டேப் உரசியே வெண்படலம் புண்ணானவர்களும், இழையை அகற்றும்போது அழுத்தியதால் வெள்ளை விழியில் இரத்தம் கசிந்தவர்களும் இருந்தார்கள். டேப்பை நாம் பாதுகாப்புக்கென்று போடுகிறோம், காயப்படுத்துவது சில நேரம் அதுவே.

நான் செய்யும் முறை இது. காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றச் சொல்லி, எண்ணெய் இல்லாத நுரை க்ளென்சரால் இரண்டு இமைகளையும் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்து, கீழ் முடியைப் பிரஷால் பிரித்துவிடுவேன். கண்ணை மூடச் சொன்னதும் மேல் முடிகள் கீழ் முடிகளின் மேல் படுத்துக்கொள்ளும். அவற்றை விலக்க வேண்டும். சிலிக்கான் டேப்பை ஒரு சிறு துண்டாக வெட்டி, என் புறங்கையில் இரண்டு மூன்று முறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்து, மேல் முடிகளை மட்டும் இமையின் பக்கமாகத் தூக்கிப் பிடித்துவைப்பேன். தோலை இழுக்கக் கூடாது. தோலை இழுத்தால் இமை தூக்கிக்கொண்டு இடைவெளி விழும். அடுத்து, கீழ் முடிகளுக்கு அடியில் வெள்ளை டேப். இமை விளிம்பிலிருந்து ஒரு மி.மீ. தள்ளி, கன்னத்தின் வளைவுக்கு ஏற்பச் சிறு துண்டுகளாக. ஜெல் பேட் இந்த இடத்தில் வழுக்கி மேலே ஏறிவிடுகிறது, எனக்கு அது ஒத்துவரவில்லை. கண்ணுக்குக் கீழே உள்ள தோல் உடம்பிலேயே மிக மெல்லிய தோல்களில் ஒன்று, அரை மி.மீ. அளவுதான். அதைக் கீழே இழுத்து டேப் போட்டால் வேலைக்கு வசதிதான், ஆனால் டேப்பை எடுத்ததும் தோல் மேலேறி, நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த திசையெல்லாம் மாறிவிடும்.

எங்கெங்கே ஒட்டுவது? மூக்கை ஒட்டிய உள் கால்பகுதியைத் தொடுவதே இல்லை. அங்கே முடி பூனைமுடிபோல் இருக்கும், கண்ணீர் வடியும் வழியும் அதுதான். வெளிமுனையில் கடைசி இரண்டு மூன்று முடிகளையும் விட்டுவிடுவேன், மேல் இமையின் ஓர இழைகளோடு அவைதான் சிக்கும். மிச்சமிருக்கும் பகுதியில் ஒரு கண்ணுக்கு 20 முதல் 30 இழை. நடுவில் 5, வெளியே போகப்போக 6, அங்கங்கே ஒரு 5-ஐக் கலந்துவிடுவேன். ஒரே நீளத்தில் வரிசையாக ஒட்டினால் சீப்புப் பல்போல் இருக்கும். அறுபதுகளின் லண்டன் மாடல் ட்விக்கியின் படத்தைக் காட்டி இதுபோல் வேண்டும் என்று இன்றும் கேட்கிறார்கள். அந்தக் கீழ் இமையைக் கூர்ந்து பாருங்கள், அது மெல்லிய கோடுகளாகத் தீட்டியது. கோடுகளுக்கு நடுவே வெறும் தோல் தெரிகிறது, கண்ணைப் பெரிதாகக் காட்டுவது அந்த வெற்றிடம்தான். அடர்த்தியாக நிரப்பினால் அந்தத் தோற்றமே போய்விடும்.

ஒட்டும்போது முடியைத் தனியாகப் பிரித்தெடுப்பது மேலே செய்வதைவிடக் கடினம். முடிகள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து போகும், குட்டி முடிகள் அடியில் ஒளிந்திருக்கும். ஒரு இழையோடு பக்கத்து முடியும் சேர்ந்து ஒட்டிக்கொண்டால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் வளர்ந்து ஒன்றையொன்று வேரோடு இழுக்கும். முடி நிரந்தரமாக மெலிந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. ஐந்து இழைக்கு ஒருமுறை ட்வீசரை அடியில் விட்டு, ஒவ்வொன்றும் தனியாக அசைகிறதா என்று பாருங்கள். தோலிலிருந்து ஒரு மி.மீ. முழுசாக இடைவெளி விடுங்கள், மேலே விடும் அரை மி.மீ. இங்கே போதாது. இழையின் முனை கன்னத்தை விட்டு மேலெழும்படி, சொந்த முடியின் வளைவோடு அது ஒன்றிப்போக வேண்டும். நாலைந்து ஒட்டியதும் பக்கவாட்டில் போய்ப் பாருங்கள். ஒன்று தவறிக் கன்னத்தைக் குத்தினாலும் அவருக்கு நாள் முழுக்க உறுத்தல்தான்.

க்ளூ மிகக் கொஞ்சம். இழையை க்ளூவில் மெதுவாக விட்டு மெதுவாக எடுத்தால் மணி கட்டாது. வேகமாக இறுகும் எத்தில் வகை க்ளூவுக்கு ஆவியும் காரமும் அதிகம், பியூட்டில் வகை நிதானமாக இறுகும், காரம் குறைவு. கீழ் இமைக்கு நான் நிதானமான க்ளூவைத்தான் எடுப்பேன். முப்பது இழைதான் என்பதால் நேரம் பெரிதாகக் கூடாது, ஒரு கண்ணுக்கு இருபது நிமிடம் போதும். நிறமில்லாத க்ளூ கிடைத்தால் இன்னும் நல்லது. இங்கே ஒவ்வொரு ஒட்டும் கண்ணுக்குத் தெரியும் என்றேனே, கறுப்பு க்ளூ சின்னப் புள்ளிகளாகத் தெரியும். கடைசி இழை முடிந்ததும் பத்து நிமிடம் கண்ணை மூடியபடியே விட்டுவிடுங்கள். அப்புறம் சிறு விசிறியால் இரண்டு நிமிடம் ஆவியை விலக்கி, டேப்பை ஈரப்படுத்தி எடுத்து, அதன் பிறகு கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். அவசரப்பட்டு உடனே திறக்கவைத்தால் இதுவரை மூடிவைத்த பயன் எல்லாம் போய்விடும்.

மேலும் கீழும் ஒரே நாளில் செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். முதலில் மேல் இமையை முடித்தால், புதிதாக ஒட்டிய இழைகளின் மேல் டேப் போட்டுத் தூக்க வேண்டிவரும். முதலில் கீழ் இமையை முடித்தால், மேல் இமை வேலைக்காக அந்தப் புது இழைகளின் மேல் பேடை வைத்து மூட வேண்டிவரும். எப்படிப் போனாலும் ஒன்று கெடும். அதோடு கண்ணும் இரட்டிப்பு நேரம் ஆவியில் கிடக்கும். நான் மேல் இமையை முடித்து அனுப்பி, இரண்டு மூன்று நாள் கழித்துக் கீழ் இமைக்கு வரச் சொல்கிறேன். இன்னொரு லாபமும் இருக்கிறது. மேல் இமை மட்டும் செய்த முகத்தை இரண்டு நாள் கண்ணாடியில் பார்த்த பிறகு, கீழே தேவையில்லை என்று பலர் தாங்களாகவே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

வீட்டுக்குப் போன பிறகு செய்ய வேண்டியவை அதிகமில்லை. தினமும் எண்ணெய் இல்லாத நுரையால் கழுவ வேண்டும், கழுவாமல் பத்திரமாக வைத்திருப்பதுதான் அழுக்கும் படிவும் சேரக் காரணம். கண்ணுக்குக் கீழே போடும் க்ரீமை எலும்பு விளிம்புக்கு மேலே ஏற்றக் கூடாது, அது தானாகவே மேலேறி வரும். கீழ் விளிம்பின் உள்பக்கம் காஜல், வாட்டர்ப்ரூஃப் மஸ்காரா இரண்டும் வேண்டாம். கவிழ்ந்து படுத்துத் தூங்குபவர்களுக்குச் சீக்கிரம் உதிரும். இடையிடையே நிரப்புவதை நான் இரண்டு முறைக்கு மேல் செய்வதில்லை. பிறகு எல்லாவற்றையும் அகற்றிவிட்டு இரண்டு மாதம் ஓய்வு கொடுக்கச் சொல்வேன். அகற்றும்போது க்ரீம் ரிமூவர் மட்டும், நீர்த்த ரிமூவர் நேராகக் கண்ணுக்குள் ஓடும்.

ஏதாவது கோளாறு வந்தால் எரிச்சலா ஒவ்வாமையா என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். எரிச்சல் உடனே வரும், வெள்ளை விழி சிவக்கும், பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கும். ஒவ்வாமை சில மணி நேரமோ இரண்டு நாளோ கழித்து வரும், இமைகள் வீங்கும், அரிப்பு தாங்காது, ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் கடுமையாகும். ஒவ்வாமை வந்தவருக்கு வேறு க்ளூவில் முயன்று பார்க்காதீர்கள். இழைகளை அகற்றி, மருத்துவரைப் பார்க்கச் சொல்லி, இனி அவருக்கு எக்ஸ்டென்ஷன் வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். முதல் நாள் நாலைந்து இழை ஒட்டிப் பார்க்கும் சோதனை நல்லதுதான், ஆனால் அதை முழுதாக நம்பாதீர்கள், வருடக்கணக்கில் ஒன்றும் ஆகாதவர்களுக்கும் ஒருநாள் ஒவ்வாமை வரும். க்ளூ கண்ணுக்குள் போய்விட்டால் சுத்தமான நீரில் பதினைந்து நிமிடம் விடாமல் கழுவி, நேரே கண் மருத்துவரிடம். இமை ஒட்டிக்கொண்டால் பிரிக்க முயலாதீர்கள், ரிமூவரும் வைக்காதீர்கள். வலி, மங்கல், வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம் இவற்றில் எது இருந்தாலும் மறுநாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வேண்டாம் என்று அனுப்பும்போது வெறுங்கையோடு அனுப்பத் தேவையில்லை. வெதுவெதுப்பான நீரில் குழாய் குழாயாகக் கழன்றுவரும் ட்யூபிங் மஸ்காரா கீழ் முடிக்கு அருமையாக இருக்கும், கன்னத்தில் வழியாது, தேய்த்து எடுக்கவும் வேண்டாம். முடி வெளிர் நிறமாக இருப்பதால்தான் தெரியவில்லை என்றால் சாயம் தீட்டுவது போதும், அதற்கும் முன்சோதனை கட்டாயம். முடி வளர்க்கும் பைமாட்டோப்ரோஸ்ட் மருந்தைக் கீழ் இமையில் தடவலாமா என்று சிலர் கேட்பார்கள். அதன் வழிமுறைக் குறிப்பிலேயே மேல் இமை விளிம்பில் மட்டும் தடவ வேண்டும், கீழ் இமையில் தடவக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் முதலில் பொம்மைத் தலையில் 0.07 இழையோடு இரண்டு வாரம் பழகுங்கள், 0.15-க்குப் பழகிய விரல் அந்த இழையின் கனமே தெரியாமல் தடுமாறும். முதல் ஆளாக மேல் இமைக்கு வழக்கமாக வந்து, அசையாமல் படுத்திருக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கண்ணுக்குப் பத்தே இழை, அதுவும் வெளி மூன்றில் ஒரு பங்கில் மட்டும். ஒட்டி முடித்ததும் ஒரு படம், ஏழாம் நாள் அவரை வரவழைத்து அதே வெளிச்சத்தில் இன்னொரு படம். எத்தனை மிச்சம், எது திரும்பிக்கொண்டது, எந்த இடம் உறுத்தியது என்று அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள். பத்தில் ஏழு இழையாவது நேராக நின்றால் அடுத்தவருக்கு இருபது ஒட்டலாம்.